‘காலம் கெட்டுப் போச்சு’ என்ற பேச்சை மனுவாக்கும் முறை

புதுச்சேரியின் பாகூர்ப் பக்கத்துத் தேநீர்க் கடை எதிலும் மாலை ஆறு மணிக்கு மேல் கால் மணி நேரம் உட்கார்ந்தால், ‘காலம் கெட்டுப் போச்சு’ என்ற வாக்கியம் குறைந்தது இரண்டு முறையாவது காதில் விழும். பெரியவர்களுக்கு மரியாதை இல்லை, வாக்குக்குப் பணம் வாங்குகிறார்கள், வாய்க்காலில் குப்பை கொட்டுகிறார்கள், கேட்க ஆளில்லை என்று பேச்சு நீளும். கடைக்காரர் விளக்கை அணைத்ததும் முடிந்துவிடும். அந்தப் பேச்சை வீணாக்காமல், மாதம் ஒரு முறை இரண்டு மணி நேரம் கூடி, உரிமையாகவும் கடமையாகவும் மனுவாகவும் மாற்றுவது எப்படி என்பதை இங்கே எழுதுகிறேன். சில ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். தவறாகச் செய்து கற்றுக்கொண்டதே அதிகம்.

கூடும் இடமும் நேரமும்

எட்டுப் பேர் வந்தால் போதும். பதினைந்துக்கு மேல் போனால் மேடைப் பேச்சாகிவிடும். கோயில் மண்டபம் வசதியானதுதான், ஆனால் ஊரில் எல்லோரும் தயங்காமல் அங்கே வந்து உட்கார முடியுமா என்று ஒரு கணம் யோசியுங்கள். கட்சிக்காரர் வீட்டுத் திண்ணையும் வேண்டாம். கிளை நூலகத்தின் வாசிப்பறையோ பள்ளிக்கூடத் தாழ்வாரமோ கிடைத்தால் நல்லது. நாங்கள் முதலில் இரவு ஏழு மணி என்று வைத்தோம். மூன்று மாதம் ஒரு பெண்கூட வரவில்லை. ஞாயிறு பிற்பகல் நான்கு மணிக்கு மாற்றிய பிறகே வந்தார்கள். நேரத்தைக் குறிக்கும்போதே யார் வரலாம், யார் வர முடியாது என்பதையும் குறித்துவிடுகிறோம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஒரு நீளக் குறிப்பேடும், தேதி போட்டு எழுதும் ஒருவரும் கட்டாயம் வேண்டும்.

முதல் அரை மணி நேரம் குறை சொல்ல விடுங்கள்

குறை சொல்பவரை இடைமறிக்காதீர்கள், ஆனால் ஒரு நிபந்தனை விதியுங்கள். குறிப்பேட்டில் ஏறும் வாக்கியத்தில் செய்பவர், செயல், இடம், நேரம் ஆகிய நான்கும் இருக்க வேண்டும். ‘யாரும் எதையும் மதிப்பதில்லை’ என்பது ஏறாது. ‘ஞாயிற்றுக்கிழமை காலையில் மதகுக்கு அருகே வாய்க்காலில் இறைச்சிக் கடைக்காரர்கள் கோழிக் கழிவைக் கொட்டுகிறார்கள்’ என்பது ஏறும். இந்த ஒரு நிபந்தனையிலேயே பாதிப் புலம்பல் தானாக உதிர்ந்துவிடுவதைப் பார்ப்பீர்கள். மீதமிருப்பவற்றை உரிமை, கடமை, பழக்கம் என்று மூன்று பத்திகளாகப் பிரியுங்கள்.

இந்தப் பிரிப்புதான் கூட்டத்தின் உயிர்நாடி; எனவே அவசரப்படாதீர்கள். ஒலிபெருக்கி இரவு பதினொரு மணி வரை அலறுகிறது என்பதைப் பலர் ‘பண்பு குறைந்துவிட்டது’ என்று பழக்கப் பத்தியில் போடச் சொல்வார்கள். அது அங்கே சேராது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைக்க 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் தடை விதிக்கின்றன. திருவிழாக்களுக்காக நள்ளிரவு வரை தளர்த்துவதென்றாலும் அதற்கு அரசின் அனுமதி வேண்டும், அதுவும் ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மேற்படக் கூடாது. ஆகவே அமைதியாக உறங்குவது உங்கள் உரிமைப் பத்தியில் வருகிறது. வாக்குக்குப் பணம் வாங்குவது கடமைப் பத்தியில் வரும். கொடுப்பவரோடு வாங்குபவரும் குற்றவாளிதான் என்பதைச் சேர்த்து எழுதுங்கள், அறையில் சிறிது நேரம் அமைதி நிலவும். அரசியலமைப்பின் 51அ பிரிவு, 1976இல் சேர்க்கப்பட்ட பத்தும் 2002இல் சேர்க்கப்பட்ட ஒன்றுமாகப் பதினொரு அடிப்படைக் கடமைகளைச் சொல்கிறது. அவற்றைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவைத்தால், கடமை என்று நாம் சொல்வது அந்தப் பட்டியலில் எதன்கீழ் வருகிறது என்று கேட்க வசதியாக இருக்கும்.

பழக்கப் பத்தியில்தான் சண்டை வரும். ஒருமுறை பெரியவர் ஒருவர், “பொம்பளப் பிள்ளைங்க டீக்கடையில உக்காந்து டீ குடிக்குதுங்க, இதையும் எழுதிக்குங்க” என்றார். கல்லூரியில் படிக்கும் அவருடைய பேத்தியே எழுந்து, “தாத்தா, இதை உரிமைப் பத்தியில எழுதச் சொல்றீங்களா?” என்று கேட்டாள். கேள்வி சரியானது. பண்பு குறைந்துவிட்டது என்று நாம் வருந்தும் பல இடங்களில், நேற்றுவரை ஒதுங்கி நின்ற ஒருவர் இன்று தம் உரிமையைப் பயன்படுத்தத் தொடங்கியிருப்பார். காலனியிலிருந்து வரும் இளைஞன் செருப்பைக் கழற்றாமல் பெரிய தெருவில் நடக்கிறான் என்பது அப்படிப்பட்ட ஒரு குறை. தீண்டாமையை ஒழிக்கும் 17ஆவது பிரிவையும், அதை மீறினால் தண்டனை உண்டு என்று சொல்லும் 1955ஆம் ஆண்டுச் சட்டத்தையும் உரக்கப் படித்துவிட்டு, அந்தக் குறையை அடித்துவிடுங்கள். ஒவ்வொரு குறையிடமும் ‘இதனால் யாருக்கு இழப்பு’ என்று கேட்டால் பத்தி தானாகவே தெரிந்துவிடும்.

‘உரிமை உரிமை என்று பேசித்தான் நாடு கெட்டது’ என்று சொல்பவர் எந்தக் கூட்டத்திலும் ஒருவராவது இருப்பார். புதுவையில் அவருக்குப் பதில் சொல்வது எளிது. 1936 ஜூலை 30 அன்று சவானா ஆலைத் தொழிலாளர்கள்மீது பிரெஞ்சு ஆட்சியின் படை சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். மறு ஆண்டில் எட்டு மணி நேர வேலை இங்கே சட்டமாயிற்று. எட்டு மணி நேரம் உழைத்துவிட்டு வந்துதானே அவர் நம் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

‘நம்மவர்’ யார் என்ற கேள்விக்கு ஒரு தூரத்துத் தீவு

இரண்டாவது அல்லது மூன்றாவது கூட்டத்தில் ‘இவர் நம்மூர்க்காரர், அவர் வந்தேறி’ என்ற பேச்சு தலைகாட்டும். நம் சொந்தக் காயத்திலிருந்து இந்தப் பேச்சைத் தொடங்கினால் குரல்கள் உயரும். அதனால் நான் முதலில் பஹாமாஸ் தீவுகளைப் பற்றிப் படிக்க வைக்கிறேன். தூரத்து நாட்டைப் பற்றிப் பேசும்போது எல்லோருக்கும் நியாயம் தெளிவாகத் தெரிகிறது.

கரீபியக் கடல் பக்கத்தில் சுமார் 700 தீவுகள், அவற்றில் ஏறத்தாழ 30இல் மட்டுமே மக்கள் வாழ்கிறார்கள். மொத்த மக்கள்தொகை சுமார் 4 லட்சம். புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் 2011 கணக்கெடுப்பின்படி பன்னிரண்டரை லட்சம் பேர் இருந்தோம் என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். நம்மைப் போலவே துண்டு துண்டாகச் சிதறிய நிலம், நம்மைப் போலவே சுற்றுலாவை நம்பும் வருமானம். 1973 ஜூலை 10 அன்று பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றபோது எழுதிக்கொண்ட அரசியலமைப்பின் முகவுரையிலேயே, தன்னடக்கம், உழைப்பு, விசுவாசம், ஒற்றுமை, கிறித்தவ நெறிகளுக்கும் சட்டத்தின் ஆட்சிக்கும் அளிக்கும் மதிப்பு ஆகியவைதான் தங்கள் சுதந்திரத்தைக் காக்கும் என்று அவர்கள் எழுதிவைத்தார்கள். பண்பை நாட்டின் உறுதிமொழியாகவே ஆக்கிய மக்கள் அவர்கள். அதனால்தான் அங்கே பண்பு தேய்கிறது என்ற கவலை நாட்டையே இழந்துவிடுவோமோ என்ற கவலையாக ஒலிக்கிறது.

அதே அரசியலமைப்பின் இன்னொரு பக்கத்தையும் படிக்க வையுங்கள். பெற்றோர் இருவருமே அந்நாட்டுக் குடிமக்களாக இல்லாத குழந்தை, எடுத்துக்காட்டாக ஹெய்ட்டியிலிருந்து வந்தவர்களின் குழந்தை, தலைநகர் நஸ்ஸாவிலேயே பிறந்து அங்கேயே பள்ளிக்குப் போய் வளர்ந்தாலும் குடிமகனாகிவிடாது. 18 வயது நிரம்பியபின் ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால்தான் பதிவு பெறும் உரிமை உண்டு. அந்நாட்டு ஆணின் வெளிநாட்டு மனைவிக்குக் கிடைக்கும் உரிமை, அந்நாட்டுப் பெண்ணின் வெளிநாட்டுக் கணவனுக்கு இல்லை. வெளிநாட்டவரை மணந்த பெண் தன் குழந்தையை நாட்டுக்கு வெளியே பெற்றால் அக்குழந்தைக்குத் தாயின் குடியுரிமை தானாக வருவதும் இல்லை. இந்த வேறுபாட்டை நீக்கும் திருத்தங்கள் 2002இலும் 2016இலும் மக்கள் வாக்கெடுப்புக்கு விடப்பட்டு இரண்டு முறையும் தோற்றன.

படித்து முடித்ததும், “அந்தப் பிள்ளை எந்த நாட்டுப் பிள்ளை?” என்று மட்டும் கேளுங்கள். விடை சொல்லாதீர்கள். எங்கள் கூட்டத்தில் பெரும்பாலோர், ‘அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை அந்த நாட்டுப் பிள்ளைதான்’ என்றார்கள். சற்று முன்பு தெருக்கோடி வீட்டுக்காரரை வந்தேறி என்றவரும் அப்படியே சொன்னார். சொன்னபின் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு 1962

இப்போது நம் ஊருக்கு வரலாம். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 பேர் கூடி, 170 பேர் இந்தியாவோடு இணைவதற்கு ஆதரவாகவும் 8 பேர் எதிராகவும் வாக்களித்தார்கள். வாக்களித்தவர்கள் சட்டமன்ற உறுப்பினர்களும் நகரமன்ற உறுப்பினர்களும் ஆவர். நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16இல்தான் நடந்தது. அன்று இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்த பிரெஞ்சுக் குடிமக்கள் தாமாகவே இந்தியக் குடிமக்களானார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்றவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டியிருந்தது. மணமாகாத, 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் குடியுரிமையைத் தகப்பனாரின் அறிவிப்பே தீர்மானித்தது.

அண்ணன் எழுதிக் கொடுத்தார், தம்பி எழுதிக் கொடுக்கவில்லை. ஒரே கூரையின்கீழ் இரண்டு நாடுகள் குடியேறின. இன்றும் நாம் ‘சொல்தா வீடு’ (பிரெஞ்சுப் படைவீரர் வீடு) என்று சொல்லும் வீடுகளில் பல அப்படி உருவானவைதான். ஜூலை 14 அன்று கடற்கரைப் போர் நினைவிடத்துக்குப் பதக்கம் அணிந்து போகிறவரும், ஆகஸ்ட் 15 அன்று பள்ளியில் கொடியேற்றுகிறவரும் மாட்டுப் பொங்கலன்று ஒரே வாசலில் நிற்கிறார்கள். உணவிலோ பேச்சிலோ வேறுபாடு காண முடியாது. ஒரு படிவமும் ஒரு கெடுதேதியும்தான் வேறுபாடு. கூட்டத்தில் யாரையும் ‘நீங்கள் எந்தப் பக்கம்’ என்று கேட்க வேண்டாம் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

ஆனால் மனு எழுதும்போது இந்த வேறுபாட்டை மறந்துவிடக் கூடாது. சட்டத்தின் முன் சமத்துவம் தரும் 14ஆவது பிரிவும், உயிருக்கும் உடற்சுதந்திரத்துக்கும் காப்பளிக்கும் 21ஆவது பிரிவும் இந்த மண்ணில் இருக்கும் எல்லா மனிதருக்கும் உரியவை. பேச்சுரிமை, ஒன்றுகூடும் உரிமை முதலியவற்றைத் தரும் 19ஆவது பிரிவு குடிமக்களுக்கு மட்டுமே உரியது. தகவல் அறியும் உரிமையும் குடிமக்களுக்கானதே. ஆகவே தெருவிளக்கு பற்றிய சாதாரண மனுவில் பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருக்கும் பெரியவர் தாராளமாகக் கையெழுத்திடலாம். தகவல் கேட்கும் விண்ணப்பத்தை இந்தியக் குடிமகன் ஒருவர் தம் பெயரில் எழுத வேண்டும். பெரியவரின் மனம் நோகாமல் இதை முன்கூட்டியே எடுத்துச் சொல்லுங்கள்.

எந்த அலுவலகம்

கடலூர்ச் சாலையில் போகிறவர்களுக்குத் தெரியும், முள்ளோடையைத் தாண்டினால் ஆட்சி மாறிவிடும். சில இடங்களில் வயல் ஓர் ஆட்சியிலும் வாய்க்கால் மறு ஆட்சியிலும் இருக்கும். எனவே மனு எழுதுவதற்கு முன் சர்வே எண்ணைப் பார்த்து, இடம் யாருக்கு உட்பட்டது என்று உறுதி செய்யுங்கள். நாங்கள் ஒரு முறை ஆறு வாரம் காத்திருந்தபின், ‘இது எங்கள் எல்லையில் இல்லை’ என்ற ஒரு வரிப் பதிலைப் பெற்றோம். எல்லையை முதலிலேயே பார்க்காதது எங்கள் பிழை. ஆறு நாளில் சொல்லியிருக்கலாமே என்பது என் ஆற்றாமை.

கடலூர்ப் பக்கம் என்றால் வழி சற்று எளிது. கிராமமாக இருந்தால் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபையில் தீர்மானமாக வைக்கலாம். திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்திலும் மனுவைக் கொடுக்கலாம்.

புதுவைப் பக்கம் என்றால், நகரத்தில் புதுச்சேரி, உழவர்கரை நகராட்சிகளும், ஊர்ப்புறத்தில் அரியாங்குப்பம், பாகூர், வில்லியனூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு ஆகிய கொம்யூன் பஞ்சாயத்துகளும் உள்ளன. மனு ஆணையருக்குப் போக வேண்டும். ஏன் வார்டு உறுப்பினரிடம் கொடுக்கக் கூடாது என்று இளைஞர்கள் கேட்பார்கள். இங்கே 1968க்குப் பிறகு 2006இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அப்போது தேர்வானவர்களின் காலம் 2011இல் முடிந்தது. அதன் பின் நெடுங்காலம் தேர்தலே நடக்கவில்லை. பிரெஞ்சு ஆட்சி 1880லேயே கொம்யூன் மன்றங்களை அமைத்த நிலம் இது. கீழூரில் நாம் எந்த நாட்டவர் என்று முடிவு செய்தவர்களில் பெரும்பகுதியினர் நகரமன்ற உறுப்பினர்கள். அந்த ஊரின் பேரப்பிள்ளைகள், குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொல்லத் தம் தெரு உறுப்பினர் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வழியின்றி ஆண்டுக்கணக்கில் இருந்தார்கள் என்பதை, சமூக மதிப்புகளின் சரிவு பற்றிப் பேசுகிறவர்கள் தங்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. ‘கேட்க ஆளில்லை’ என்று தேநீர்க் கடையில் சொல்வது வெறும் புலம்பலாக இல்லாமல் நிருவாக உண்மையாகவும் இருந்துவிடுகிறது.

மனுவும் தகவல் விண்ணப்பமும்

ஒரு மனுவில் ஒரே ஒரு குறையை எழுதுங்கள். முதல் பத்தியில் குறையும் இடமும், இரண்டாம் பத்தியில் அது எந்தச் சட்டத்தின்கீழ் அல்லது விதியின்கீழ் உங்கள் உரிமையாகிறது என்பதும், மூன்றாம் பத்தியில் என்ன செய்ய வேண்டுகிறீர்கள் என்பதும் போதும். நாடு போகும் போக்கைப் பற்றிய வரிகளை வெட்டிவிடுங்கள். எழுத்தர் அந்த வரியில்தான் மனுவை மூடிவைப்பார். இரண்டு படிகள் கொண்டுபோய், ஒன்றில் தேதியிட்ட முத்திரையோடு ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள்.

முப்பது நாள் பதில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பியுங்கள். கட்டணம் 10 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. ஏன் கேட்கிறீர்கள் என்று அவர்கள் கேட்கக் கூடாது. தவறான அலுவலகத்துக்குப் போய்விட்டாலும் ஐந்து நாட்களுக்குள் உரிய அலுவலகத்துக்கு அனுப்பிவைக்க வேண்டும். என் முதல் விண்ணப்பத்தில், ‘எங்கள் தெருவில் விளக்கு ஏன் எரியவில்லை?’ என்று எழுதினேன். ‘அப்படிப்பட்ட தகவல் ஏதும் இல்லை’ என்று பதில் வந்தது. கோபப்பட்டேன், ஆனால் பதிலில் பிழையில்லை. இந்தச் சட்டம் கோப்பில் இருப்பதைத் தரும். காரணத்தை உருவாக்கித் தராது. அடுத்த முறை இப்படி எழுதினேன்:

‘மேற்படி தெருவில் உள்ள மின்விளக்குக் கம்பங்களின் எண்ணிக்கையைக் காட்டும் பதிவேட்டுப் பக்கத்தின் நகல், கடந்த இரண்டு நிதியாண்டுகளில் அவற்றைப் பழுது பார்க்கச் செலவிட்ட தொகைக்கான பட்டியல்களின் நகல், இன்ன தேதியில் நான் கொடுத்து ஒப்புகை பெற்ற மனுமீது எழுதப்பட்ட கோப்புக் குறிப்புகளின் நகல் ஆகியவற்றை வழங்க வேண்டுகிறேன்.’

இதற்குப் பதில் வருவதற்கு முன்பே விளக்கு எரியத் தொடங்கிவிட்டது. எல்லா முறையும் அப்படி நடப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

விண்ணப்பம் கிடைத்த 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். ஒருவரின் உயிரையோ சுதந்திரத்தையோ பற்றியதென்றால் 48 மணி நேரத்துக்குள் வர வேண்டும். வராவிட்டாலோ திருப்தியில்லாவிட்டாலோ அடுத்த 30 நாட்களுக்குள் அதே துறையின் மேல் அலுவலரிடம் முதல் மேல்முறையீடு செய்யலாம். அதன் பின் 90 நாட்களுக்குள் இரண்டாம் மேல்முறையீடு. இங்கே ஊர் பார்த்து அனுப்புங்கள்: கடலூர்க்காரர்களின் இரண்டாம் மேல்முறையீடு சென்னையிலுள்ள தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்குப் போகும்; புதுவைக்காரர்களுடையது தில்லியிலுள்ள மத்தியத் தகவல் ஆணையத்துக்குப் போக வேண்டும். ஆற்றுக்கு அக்கரையிலுள்ள மாமன் வீட்டு முகவரியைப் பார்த்து எழுதி ஏமாந்தவர்கள் உண்டு.

மற்ற இரண்டு பத்திகள்

கடமைப் பத்தியை மனுவாக்க முடியாது; ஆனால் ஒன்றைச் செய்யலாம். 18 வயது நிறைந்தவர்களைப் படிவம் 6 வழியாக வாக்காளர் பட்டியலில் சேர்ப்பதும், வீடு மாறியவர்களுக்குப் படிவம் 8 நிரப்பித் தருவதும் கூட்டத்தின் வேலையாக இருக்கட்டும். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் நாள் தகுதி நாளாகக் கொள்ளப்படுவதால் ஆண்டுக்கு நான்கு முறை இந்த வேலை இருக்கும்.

பழக்கப் பத்தியை யாரிடமும் கொண்டுபோகாதீர்கள். பேருந்தில் முதியவருக்கு இடம் தராததற்கு ஆணையர் என்ன செய்வார்? அந்தப் பத்தியைக் கூட்டத்தின் முடிவில் ஒருமுறை உரக்கப் படியுங்கள், அவ்வளவுதான். படித்துக்கொண்டிருக்கும்போதே தம் கைப்பேசியை அணைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் தேதிகளை மட்டும் எழுதுங்கள்: மனு கொடுத்த நாள், முப்பதாம் நாள், மேல்முறையீட்டின் கடைசி நாள். அடுத்த கூட்டத்தை அந்தப் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை, நவம்பர் 1 அன்று, குறிப்பேட்டை வைத்திருக்கும் ஆளை மாற்றிவிடுங்கள். எங்களுடையது இப்போது அந்தப் பேத்தியிடம் இருக்கிறது. அவளுடைய தாத்தா சொன்ன தேநீர்க் கடைக் குறை அடிக்கப்பட்ட நிலையில் மூன்றாம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது.